இரவல் நாக்கு

அந்த வருஷம் மாம்பழ சீசனில் என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் எனக்கு மாங்கூழ் ஊட்டிவிட்டார். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மகன் ஹாஸ்டலில் படிக்கிறான். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவர் பேசியே ரொம்ப நாளாகியிருந்தது. அப்படிப்பட்ட மனுஷன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூட ஓரமாக விடாமல், இரண்டடுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பூனால் அள்ளி, "இந்தா, வாயத் தொற" என்றால் நான் என்னவென்று நினைப்பேன்? முதல் நாள் வெட்கமாக இருந்தது. மறுநாள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த நாள் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதையும் மறைப்பானேன்.

அவர் பெயர் அழகர்சாமி, உசிலம்பட்டிப் பக்கம். குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கும் மாங்கூழ் கம்பெனியில் அவருக்கு ருசி பார்க்கிற வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று லேபில் வேலை பார்க்கிற சத்யப்ரியா மெஷினில் வைத்து நம்பர் சொல்லிவிடுவாள். ஆனால் அளவுக்கு மீறிப் பழுத்தது உள்ளே கலந்திருக்கிறதா, சூடு அதிகமாகி வெந்த வாடை வருகிறதா என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். அன்றன்று அரைத்த கூழை டிரம்மில் அடைத்து நிறுத்தி வைப்பார்கள். மறுநாள் காலையில் இவர் சரி என்றால்தான் லாரி ஏறும். அதனால் சீசன் முழுக்க எங்கள் வீட்டில் மிளகாய்க்கு லீவு. பூண்டுக்கும் லீவு. நானும் அவரோடு சேர்ந்து பத்தியம் இருப்பேன், பிள்ளை பெற்ற வீடு மாதிரி.

அந்த நாக்கால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. சிங்காரப்பேட்டையில் என் மாமாவுக்கு மாந்தோப்பு. பழம் பார்க்க வந்த இவர் ஒரு காயை அறுத்து வாயில் போட்டுக்கொண்டு, எதிரே நின்ற என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நல்ல தைரியம்தான் என்று நினைத்தேன். கோபம் வந்தது, அன்று முழுக்க அதே நினைப்பாகவும் இருந்தது. பிறகு பெண் கேட்டு வந்தபோது சரி என்றுவிட்டேன். கல்யாணமாகி முதல் ரசம் வைத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. புளிப்பு பட்டால் அவருக்கு வலது கண் தானாக மூடிக்கொள்ளும். அது ஒரு நரம்போ என்னவோ, அவருக்கே தெரியாது. காய் புளித்ததற்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

சரி, எங்கள் வீட்டுக்குள் பேட்டரி பீடி வந்த கதைக்கு வருகிறேன். அது 2009. கம்பெனிக்குப் புது மெஷின் பொருத்த ஒரு சீனாக்காரர் வந்து கொஞ்ச நாள் தங்கியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அப்போது சிகரெட் பழக்கம். ருசி பார்க்கிறவர் வாயில் சிகரெட்டா என்று மேனேஜர் திருமலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தோம். சீனாக்காரர் ஊருக்குப் போகும்போது ஒரு பேனா மாதிரிச் சாமானை இவர் கையில் வைத்து, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சிகரெட் மாதிரியே இருக்கும், நுனியில் சிவப்பு விளக்கு எரியும், இழுத்தால் ஆவி வரும், சாம்பல் கிடையாது. செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும். உள்ளே வைக்கிற குப்பியை பெங்களூர் போகிற கம்பெனி வேன் டிரைவர் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுப்பார். இனிப்பு வாசனை. நான் அதற்குப் பேட்டரி பீடி என்று பேர் வைத்தேன். சட்டையில் நாற்றம் இல்லை, வாசலில் துண்டு பொறுக்க வேண்டியதில்லை. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அந்தச் சீனாக்காரர் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே நல்லதாகத்தான் நடந்தது. குழம்பில் உப்பு கம்மி, ரசத்தில் புளி ஜாஸ்தி என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலே குறை சொல்கிற மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். ஒருநாள் பொரியலுக்கு உப்பே போட மறந்துவிட்டேன், அதையும் சாப்பிட்டு எழுந்தார். எனக்குச் சமையல் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சும்மா சும்மா தண்ணீர் குடித்தார், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார். வெயில் என்று நினைத்தேன். இந்த ஊட்டல் வேறு சேர்ந்துகொண்டதா, பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்னா சம்பங்கி, உங்கூட்டுக்காரரு நேத்து கண்ணாலம் ஆனவராட்டம் ஊட்டி உடறாரு? எங்கூட்டுதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

"உங்கூட்டுது மாங்கா கம்பெனிலயா இருக்குது, சிமெண்டுக் கடைல இருக்குது. சிமெண்ட ஊட்டச் சொல்லவா?" என்றேன். உள்ளுக்குள் தரையில் கால் பாவவில்லை.

ஊட்டிவிட்டு அவர் சும்மா இருக்க மாட்டார். "எப்பிடி இருக்கு? நேத்தைக்கு மாதிரி இருக்கா? தொண்டையில என்னமும் தங்குதா?" என்று கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். அப்படியொரு பார்வை. நான் முழுங்கும் வரைக்கும் மூச்சு விட மாட்டார். நானும் முதலில் உண்மையைத்தான் சொல்லிவந்தேன். இன்று கொஞ்சம் புளிக்கிறது, இன்று வெந்த வாடை வருகிறது என்று. குறை சொன்ன நாளில் அவர் முகம் தொங்கிப்போய்விடும். அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படித் தொங்கியதும் எனக்கே பாவமாகிவிட்டது. ஆசையாக ஊட்டிவிடுகிற மனுஷனிடம் தினமும் நொட்டை சொன்னால் நாளைக்கு ஊட்டுவாரா?

ஆனியில் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல் பாக்ஸைத் திறந்தார். வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே இனிப்பு, அடியில் லேசாகச் சாராய வாடை, பாத்திரத்தில் மூடி மறந்துபோன பழம் மாதிரி. ஆனால் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன செய்ய? "தேனு மாதிரி இருக்குதுங்க. நேத்தைக்கு மேல இருக்குது" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு என் கன்னத்தை லேசாகத் தட்டினார். அந்தத் தட்டலுக்காக இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். வாங்க வந்த ஆள் லாரி கிளம்பும் முன்பு ஒரு டிரம்மைத் திறந்து வாயில் வைத்துவிட்டுத் துப்பியிருக்கிறார். முந்தின நாள் அரைத்த அந்த லாட் மொத்தத்தையும் திருப்பி இறக்கியாயிற்றாம். எல்லார் முன்னாலும் திருமலை சார், ஒனக்கு என்னய்யா ஆச்சு என்று கேட்டாராம்.

"நேத்து தேனு மாதிரி இருக்குன்னியே" என்றார் என்னிடம்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னன்."

"ஒன்னய நம்பித்தேன சரின்னு சொன்னேன்."

"நான் சொல்லி என்னாத்துக்கு நீங்க சரின்னு சொல்லணும்? ருசி பாக்கறது உங்க வேலையாச்சே."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. உப்பில்லாத பொரியல், தண்ணீர் தண்ணீர் என்று குடித்தது, அந்தப் பார்வை. கடைசியாக ரசத்துக்கு அவர் கண் எப்போது மூடியது என்று யோசித்துப் பார்த்தேன். சித்திரையில்கூட இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல புள்ள" என்றார். "நாக்குல பஞ்சு வச்சாப்ல இருக்கு. கூழும் ஒண்ணுதேன், கஞ்சியும் ஒண்ணுதேன்." பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி வாயைத் திறந்தார். இடது கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நாக்கு மேலேயும் கொஞ்சம்.

"எங்கண்ணனுக்கும் இப்பிடித்தேன் ஆரம்பிச்சுச்சு."

அவர் அண்ணன் முத்துமணி புகையிலை போடுகிறவர். வாயில் வெள்ளைத் திட்டு என்று மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அடுத்த பொங்கலுக்கு இல்லை. கடைசி நாட்களில் கஞ்சியைக்கூட அவரால் முழுங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தவர் இவர்தான். அதனால்தான் டாக்டரிடம் போகாமல், யாரிடமும் சொல்லாமல், சவரம் பண்ணும்போது டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் நாக்கை இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். நான் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, ஜோதியம்மாளிடம் பீற்றிக்கொண்டது எல்லாம் கண்முன்னால் வந்தது. மாங்காயை நம்பி இரண்டாவது தடவையும் ஏமாந்திருக்கிறேன். நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பி வாயைத் திறந்தபடி நின்றிருந்தார், மூடச் சொல்ல ஆள் இல்லாதவர் மாதிரி. அப்போதுதான் பயம் வந்தது. கிட்டே போய் அவர் தாடையைப் பிடித்து வாயை நானே மூடிவிட்டேன்.

காலையில் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி என்றால் வரவே மாட்டேன் என்றவரை, பல் டாக்டரிடம்தான், பல் கூச்சம் என்று சொல்வோம் என்று சமாதானப்படுத்தித்தான் கூட்டிப்போனேன். டாக்டர் தமிழ்செல்வி சின்ன வயசு, ரவுண்டானா பக்கம் மாடியில் கிளினிக். நாற்காலியில் சாய்ந்ததும் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் விளக்கைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு ஆத்தா மாரியம்மா என்று உதடு தானாக முணுமுணுத்தது.

"சிகரெட் உண்டா?"

"விட்டாச்சும்மா" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே, ஒரு பெருமையோடு.

"பேட்டரி பீடி இருக்குதுங்க" என்றேன் நான். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தும் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குப்பியைக் கழற்றி மோந்து பார்த்தார். "இத நான் இப்பதான் கண்ணால பாக்கறேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ இழுப்பீங்க?" என்று கேட்டார்.

இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "சிகரெட்டுன்னா முடிஞ்சு போகும்மா, கீழ போட்ருவோம். இது முடியாதே. கையில இருக்கவும் இழுத்துக்கிட்டே இருக்கத்தேன் தோணுது."

டாக்டர் தலையாட்டிவிட்டு, ஒரு குச்சியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வலைத்துணியைச் சுற்றி அவர் கன்னத்துக்கு உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தார். இவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. டாக்டர் துணியை வெளியே எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துணியில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. வாய்க்குள் அந்த இடம் வெறும் சிவப்பாக இருந்தது.

"இது வழிச்சா வருது பாருங்க. நீங்க எதுக்குப் பயந்துட்டு வந்தீங்கன்னு மொகத்துலயே தெரியுது, அது இப்படித் துடைச்சா வராது. இது பூஞ்சை. குழந்தைங்களுக்கு நாக்குல வருமே, அது."

துடைத்த இடத்தில் டாக்டர் வைத்த பஞ்சு இவர் வாயில் இருந்தது. அதோடேயே ஏதோ கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. "அப்ப அது இல்லையான்னு கேக்கறாருங்க" என்றேன். அந்த நோயின் பேரை அவரால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

"அது இல்ல" என்றார் டாக்டர். "ஆனா ரெண்டு வாரம் மருந்து போட்டுட்டு வாங்க. எல்லா எடமும் சுத்தமா ஆறுதான்னு நான் பாத்தே ஆகணும். சக்கரையும் பாத்துருவோம்."

சர்க்கரை இல்லை என்று வந்தது. டாக்டர் ஈறையும் குத்திப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. நல்லதுதானே என்றேன். இல்லையாம். சிகரெட்டிலும் இந்தக் குப்பியிலும் இருக்கிற நிகோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும், ஈறு உள்ளே கெட்டுக்கொண்டிருந்தாலும் வெளியே ரத்தம் காட்டாது, நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும் என்றார். "உங்க வீட்ல பாலுக்கு உறை ஊத்துவீங்கல்ல? வாயும் அப்படித்தான். நல்ல கிருமி, கெட்ட கிருமி எல்லாம் எப்பவும் இருக்கும். எச்சில் ஊறிட்டே இருந்தா அது அது அளவா இருக்கும். இவரு வாய் காஞ்சு கெடக்கு, அதுக்கு மேல நாள் பூரா இந்த ஆவி வேற. கண்டது வளர்ந்துருச்சு. இந்தச் சாமானாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, இதப் பத்தி இன்னும் யாரும் சரியா எழுதல. ஆனா நான் உங்க எடத்துல இருந்தா இன்னிக்கே தூக்கிப் போடுவேன்."

அவர் எழுந்து, அந்தச் சாமானை மேஜையிலிருந்து எடுக்காமலே நடந்தார். நான்தான் எடுத்து, வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன்.

மாடியிலிருந்து இறங்கும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பசி வந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எதிர்ப்பக்க ஹோட்டலில் உட்கார்ந்து பூரி சொன்னோம். அவருக்கு ருசி தெரியாது, ஆனாலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்தத் தெம்பு வந்ததும் என் கோபமும் திரும்பி வந்தது.

"அப்ப தெனமும் ஊட்டனது டெஸ்ட்டுக்குத்தானா?" என்றேன்.

அவர் பூரியைப் பிய்த்துக்கொண்டே, "மொதல்ல டெஸ்ட்டுக்குத்தேன்" என்றார்.

"அப்பறம்?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, சர்வரைப் பார்த்து இன்னொரு செட் பூரி சொன்னார். எனக்குத்தான்.

கம்பெனியில் திருமலை சாரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ருசி பார்க்கிற வேலையைத் தற்சமயத்துக்கு சத்யப்ரியாவிடம் கொடுத்துவிட்டு இவரைக் கொதிகலன் பக்கம் போட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து வருவார், வெறுங்கையோடு வருவார். சாயங்காலமானால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இவ்வளவுக்கும் நாக்கில் மருந்து போடுவது நான்தான். சொட்டு மருந்தை விட்டுவிட்டு, முழுங்காமல் வைத்திருக்கிறாரா என்று எதிரே உட்கார்ந்து காவல் காப்பேன். பேட்டரி பீடி இல்லாத கை சும்மா சும்மா சட்டைப் பைக்குப் போகும், வெறும் பையைத் தடவிவிட்டு இறங்கும். எரிந்து விழுவார். நானும் திருப்பி விழுவேன். அதையெல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தேன். நோயாளியோடு யாராவது சண்டை போடுவார்களா? சண்டை போட முடிகிறதே என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மறுபடி கிருஷ்ணகிரி போனபோது டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கன்னமும் நாக்கும் சுத்தமாக இருக்கிறது என்றார். ஈறுக்கு மட்டும் இன்னும் நாலைந்து தடவை வரவேண்டும். ருசி எப்போது திரும்பும் என்று கேட்டேன். தானாக வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. ரசத்தில் மட்டும் தினமும் கொஞ்சம் புளியை ஏற்றிக்கொண்டே போனேன். அவர் கண் அசையவில்லை.

ஆடி பிறந்து சீசன் அடங்குகிற நேரம். தோட்டங்களில் கடைசியாக நீலம் பழம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கையில் அந்த டிபன் பாக்ஸ்.

"எனக்கு வேணாம்" என்றேன் முன்கூட்டியே. "நான் ஒண்ணும் உங்க கம்பெனில சம்பளத்துக்கு இல்ல."

"ஒனக்கு இல்ல" என்றார். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஸ்பூனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "ரெண்டு லாட் இருக்கு. நீ ஊட்டு."

மேலடுக்கைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்து அவர் வாயில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முழுங்குகிறவரைக்கும் என்னாலும் மூச்சு விட முடியவில்லை. கூழ் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் வலது கன்னம் லேசாக இழுத்தது, வலது கண் மெல்லச் சுருங்கி மூடிக்கொண்டது. நான் அவசரமாக ஒரு ஸ்பூன் எடுத்து என் வாயில் போட்டுப் பார்த்தேன். பல் கூசுகிற புளிப்பு. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, டாக்டரிடம் போன அன்று வராமல் போனதெல்லாம் சேர்ந்து.

"அழுவாத. இன்னொண்ணு இருக்குல்ல" என்றார்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழடுக்கைத் திறந்து ஊட்டினேன். அதற்கும் வலது கண் மூடியது. இதுவும் புளிப்புதானா, பாவம் கம்பெனி என்று நினைத்துக்கொண்டே ஸ்பூனில் மிச்சம் இருந்ததை வாயில் வைத்தேன். தேன்தான். துளிகூடப் புளிப்பில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவர் அந்த ஒரு கண்ணை இன்னும் திறக்காமல், இன்னொரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.